நம்மைப் பார்த்துக்கொள்கிறவர்கள்

சியாட்டிலில் அலாஸ்கா கப்பலில் ஏறுகிறவர்களுக்கு முதல் வேலை சாப்பாடும் அல்ல, வேடிக்கையும் அல்ல. அறைக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் ஓர் எண் இருக்கும். அந்த எண் போட்ட இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். ஆபத்து வந்தால் எந்தப் படகில் நமக்கு இடம், உயிர்காப்பு அங்கியை எப்படிக் கட்டுவது, ஏழு சிறு ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் என்ன செய்வது என்பதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகுதான் மற்றவை. கையில் பழச்சாற்றுக் கோப்பையோடு வந்து நிற்பவர்களும் உண்டு, பேச்சை நிறுத்தாதவர்களும் உண்டு. எனக்கு அந்தச் சிறு நேரத்தின் மீது பெரிய மதிப்பு இருக்கிறது. டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914இல் நாடுகள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையிலிருந்து வளர்ந்து வந்த ஒழுங்கு இது. 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜீலியோ தீவருகே கோஸ்டா கன்கார்டியா பாறையில் மோதியபோது, அன்று மாலை ஏறியிருந்த ஏறத்தாழ 700 பயணிகள் இந்தப் பயிற்சியைப் பார்த்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. 32 உயிர்கள் போயின. இப்போது கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும்.

எங்கள் படகுக்குக் கீழே பளிச்சென்ற மேலங்கி போட்டுக்கொண்டு பட்டியலோடு நின்றவர் பிலிப்பைன்ஸ்காரர். என் அக்காவின் கைத்தடியைப் பார்த்தார். படி ஏறி இங்கே வர முடியுமா, துணைக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டுப் பட்டியலில் எதையோ குறித்துக்கொண்டார். அன்று இரவு சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் மேசைக்கு ரொட்டிக் கூடையைக் கொண்டுவந்தவரும் அவர்தான். நாற்காலியை இழுத்து அக்காவை உட்காரவைத்தார், தடியை அவள் கைக்கு எட்டும் இடத்தில் சாய்த்துவைத்தார். மாலையில் குறித்துக்கொண்டதும் இரவில் நாற்காலியை இழுத்ததும் எனக்கு ஒரே காரியமாகத் தெரிந்தன.

கப்பலில் பரிமாறுகிறவர், படுக்கை விரிக்கிறவர், மேடையில் பாடுகிறவர் எல்லோருக்கும் கடற்பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். தீயை எப்படி அணைப்பது, தண்ணீரில் எப்படித் தாக்குப்பிடிப்பது, பயந்த கூட்டத்தை எப்படி நடத்திச் செல்வது என்று படித்துத் தேறிய பிறகுதான் அவர்கள் தட்டையும் தலையணை உறையையும் கையில் எடுக்கிறார்கள். அபாய மணி அடித்தால் ஒவ்வொருவருக்கும் போய் நிற்க ஓர் இடம் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. காலையில் அறையைத் துடைத்த அதே ஆள், அந்த நேரத்தில் கதவு கதவாகத் தட்டி உள்ளே யாரும் தங்கிவிடவில்லை என்று பார்க்க வேண்டியிருக்கும். உபசரிப்பு என்று நாம் நினைப்பதற்கு அடியில் இது கிடக்கிறது. யார் எந்த அறையில் இருக்கிறார், யாருக்குக் காது மந்தம், யார் மாத்திரை போட்டுத் தூங்குகிறார் என்று தெரிந்துவைத்திருப்பது கரையிலுள்ள ஓட்டலில் மரியாதை. கடலில் அதன் மேல் உயிர் நிற்கிறது.

எங்கள் அறையைப் பார்த்துக்கொண்டவர் ஜாவாத் தீவின் செமாராங் நகரத்து இளைஞர். கப்பல் அறைகளில் குளியலறை வாசற்படி கொஞ்சம் உயரமாக இருக்கும், தண்ணீர் வெளியே வராதபடி. முதல் இரவில் அக்கா அதில் கால் இடறித் தடுமாறினாள். விழவில்லை. பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கட்டும் என்று நாற்காலியை அந்தக் கதவருகே நகர்த்திப் போட்டுவிட்டுத் தூங்கிப்போனோம். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை உணவு முடித்துத் திரும்பி வந்தபோது நாற்காலி அங்கேயே இருந்தது, ஆனால் அசையாதபடி அதன் கால்களுக்குக் கீழே ரப்பர் விரிப்பு. வாசற்படியின் மீது வெள்ளைத் துண்டு நீளவாக்கில் மடித்துப் போடப்பட்டிருந்தது, இருட்டிலும் விளிம்பு தெரியும்படி. இரவு படுக்கையைச் சரிசெய்ய அவர் வந்துபோன பிறகு பார்த்தால் குளியலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, கதவு ஒரு விரற்கடை மட்டும் திறந்திருந்தது. பயணம் முடியும் வரை ஒவ்வோர் இரவும் அப்படியே.

நகர்ந்த நாற்காலியைப் பார்த்து, அது ஏன் நகர்ந்தது என்று யோசித்திருக்கிறார். இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். இரவில் துண்டை மடித்து யானையும் குரங்கும் செய்து கட்டிலில் வைப்பார்கள், எல்லோரும் அதைப் படம் எடுத்துக்கொள்வார்கள். அது அழகான கைவேலை, குழந்தைகள் அதற்காகவே அறைக்கு ஓடிவருவார்கள். ஆனால் அந்த வாசற்படித் துண்டை யாரும் படம் எடுத்திருக்க மாட்டார்கள். எங்களுக்காக மட்டும் யோசித்துப் போட்டது அது.

'சம்பளத்துக்குச் செய்வதுதானே' என்று இதைப்பற்றிச் சொல்பவர்கள் உண்டு. சம்பளத்துக்குத்தான். சம்பளம் அவருடைய நேரத்தை வாங்கியது, அறையைச் சுத்தம் செய்யும் கடமையை வாங்கியது. நாற்காலி ஏன் நகர்ந்தது என்று கேட்டுக்கொண்ட மனதை எந்த ஒப்பந்தத்திலும் எழுதிவைக்க முடியாது. நம்மை வளர்த்த ஆசிரியர்களும் செவிலியர்களும் சம்பளம் வாங்கியவர்கள்தான். கூலி வாங்கியதால் அவர்களுடைய அக்கறை பொய்யாகிவிடவில்லை. கப்பல் பணியாளரிடம் மட்டும் ஏன் அந்தச் சந்தேகம் வருகிறது? அவர் சிரிப்பதற்கும் சேர்த்துக் கூலி வாங்குகிறார் என்பதாலா? சிரிப்பு சொல்லிக்கொடுத்து வருவதாகவே இருக்கட்டும். அந்த ரப்பர் விரிப்பு சொல்லிக்கொடுத்து வந்ததல்ல.

அலாஸ்காவுக்குப் போகும் கப்பலில் இந்தோனேசியர்கள் ஏன் என்று கேட்டால் அதற்கு ஒரு பழைய பாதை இருக்கிறது. எங்களை ஏற்றிச் சென்ற ஹாலந்து அமெரிக்கா லைன் 1873இல் ராட்டர்டாமில் தொடங்கியது. ஐரோப்பாவின் ஏழைகளைப் புது உலகத்துக்கு ஏற்றிச் சென்ற நிறுவனம் அது. டச்சுக்காரர்கள் ஆண்ட தீவுகளிலிருந்து பிற்பாடு அதன் கப்பல்களுக்குப் பணியாளர்கள் வந்தார்கள். ஆட்சி போன பிறகும் அந்தத் தொடர்பு போகவில்லை. 1989இல் அமெரிக்கர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். இன்றும் கொடி நெதர்லாந்துடையது, தலைமையகம் சியாட்டிலில், மேசையிலும் அறையிலும் இந்தோனேசியர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும். வேற்று நாட்டுக் கொடியுள்ள கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் பயணிகளை ஏற்றி மீண்டும் அங்கேயே இறக்குவதானால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். 1886இல் போட்ட சட்டத்தின் விளைவு அது. அதனால்தான் சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போகிறவர்களில் பெரும்பாலோர் திரும்பும் வழியில் கனடாவின் விக்டோரியா நகரத்துப் பூக்களையும் ஒரு மாலை பார்த்துவிடுகிறார்கள்.

கடலில் இன்பத்துக்காக மட்டுமே போய்வருவது என்ற எண்ணமே அப்படியொன்றும் பழையதல்ல. குளிர்காலத்தில் அட்லான்டிக் கொந்தளிக்கும், பயணிகள் குறைவார்கள், பெரிய கப்பல்கள் சும்மா நிற்கும். ஹாம்பர்க்கின் கப்பல் நிறுவனம் ஒன்றில் இருந்த ஆல்பர்ட் பாலின் அதைப் பார்த்துப் பொறுக்காமல், 1891 ஜனவரியில் அகுஸ்டா விக்டோரியா என்ற கப்பலை 241 பயணிகளோடு மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார், தானும் கூடவே போனார். எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லாத பயணம். மற்றக் காலங்களில் அதே நிறுவனத்தின் கப்பல்கள் திரும்பி வரப்போகாத குடியேறிகளைச் சுமந்துகொண்டிருந்தன.

எங்கள் மேசையில் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி இருந்தார்கள். மகன் சியாட்டிலில் வேலை பார்க்கிறான், லீவு கிடைக்கவில்லை, அப்பா அம்மாவை மட்டும் ஏற்றி அனுப்பியிருக்கிறான். அந்த அம்மாவின் தகப்பனார் நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் 5,000-க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. தளப் பயணி என்றால் திறந்த தளத்தில் பாயை விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்துப் போகிறவர். "எங்கப்பாவும் கப்பல்ல போனாரு, நானும் கப்பல்ல போறேன்" என்று அந்த அம்மா முதல் இரவே சொன்னார். "அவருக்குத் தண்ணி குடுத்தது யாரு, வாந்தி எடுத்தப்ப முதுகத் தடவுனது யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பாரு. பக்கத்துப் பாய்க்காரர்தான். பேரு ஊரு எல்லாம் சொல்லுவாரு." அந்தத் தளத்தில் ஒவ்வொருவரையும் கவனிக்க ஆள் இல்லை. பயணிகளே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது நிறைய கப்பல்களில் விரும்பிய நேரத்தில், விரும்பிய மேசையில் உட்காரலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. தினமும் ஒரே நேரம், ஒரே மேசை, ஒரே முகங்கள் என்ற பழைய ஏற்பாடுதான் சரி. முதல் இரவில் எல்லோரும் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறார்கள். இரண்டாம் இரவில் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வருகிறது. மூன்றாம் இரவில் ஒருவர் வரத் தாமதமானால் மற்றவர்கள் வாசலைப் பார்க்கிறார்கள். எங்கள் மேசையில் நெப்ராஸ்கா மாநிலத்துச் சோளப் பண்ணையிலிருந்து வந்த ஒரு பெண்மணி இருந்தார். கணவரோடு போவதற்குப் பணம் கட்டியிருந்த பயணம், கணவர் போன பிறகு தனியாக வந்திருக்கிறார். கனடாவின் சர்ரே நகரத்திலிருந்து ஒரு பஞ்சாபிக் குடும்பம், மூன்று தலைமுறை. தாத்தாவுக்கு ஆங்கிலம் வராது. கோவில்பட்டிக்காரருக்கு இந்தி வராது. இருவரும் மழையைப் பற்றியும் பருத்தியைப் பற்றியும் கைகளாலேயே பேசிக்கொண்டார்கள், பேரன் சிரித்துக்கொண்டே நடுவில் நின்றான்.

கரையில் இவர்கள் யாரும் ஒரு மேசைக்கு வந்திருக்க மாட்டார்கள். கப்பலில் எழுந்து வேறு எங்கும் போக முடியாது, பார்க்கும் மழையும் மலையும் எல்லோருக்கும் ஒன்று, பிரியும் நாளும் முன்பே தெரியும். இந்த மூன்றும் சேர்ந்தால் மனிதர்கள் விரைவாகத் திறந்துகொள்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. சமைக்க வேண்டியதில்லை, பாத்திரம் தேய்க்க வேண்டியதில்லை, யாரையும் உபசரிக்க வேண்டியதில்லை. அந்தப் பாரங்களை வேறு சிலர் தூக்கிக்கொண்டதால்தான் நாங்கள் ஒருவருக்கொருவர் காது கொடுக்க முடிந்தது. மேசைக்கு மேலே வளர்ந்த நட்பெல்லாம் மேசையைச் சுற்றி நடந்த கால்களால் வளர்ந்தது. நெப்ராஸ்காப் பெண்மணி முதல் இரவில் பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். பரிமாறுகிறவர் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அந்த நாற்காலி அங்கே இல்லை. மேசையை ஒழுங்குபடுத்தி, கோவில்பட்டி அம்மாவின் இருக்கையை அவருக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்.

சைவம் சாப்பிடுகிறவர்களிடம் முதல் இரவே தலைமைப் பரிமாறுநர் வந்து, நாளைக்கு என்ன வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால் சமைத்துத் தருகிறோம் என்றார். கோவில்பட்டி அம்மா தயங்கித் தயங்கி ரசம் என்றார். மறுநாள் வந்தது ரசமேதான். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டது, மேலே கொத்தமல்லி, கூடவே வடித்த சோறும் பருப்பும். அவர் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இது நம்ம பக்கத்து ஆளு வச்சது" என்றார் பிறகு. யார் என்று தெரியவில்லை. சமையலறை ஆட்கள் கூடத்துக்குள் வருவதில்லை.

பனியாறுகள் இறங்கும் கிளேசியர் பே விரிகுடாவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு உல்லாசக் கப்பல்களைத்தான் விடுகிறார்கள். காலையில் ஒரு சிறு படகு வந்து எங்கள் கப்பலை ஒட்டியது, தேசியப் பூங்காவின் காவலர்கள் ஏணி ஏறி வந்தார்கள். 1794இல் கடலோடி வான்கூவரின் ஆட்கள் இங்கே வந்தபோது விரிகுடா என்று சொல்லும்படி இல்லை, வாயிலேயே பனிச்சுவர் நின்றது. 1879இல் இயற்கை ஆர்வலர் ஜான் மியூர் வந்தபோது அது பல பத்து கிலோமீட்டர் பின்வாங்கியிருந்தது. அதற்கும் முன்னால், பனி முன்னேறி வந்தபோது ஊரையே விட்டு வெளியேற நேர்ந்தவர்கள் ஹூனா டிலிங்கிட் மக்கள். 2016இல்தான் அவர்களுக்கு இந்தக் கரையில் மீண்டும் ஒரு மரபு மனை எழுந்தது. ஒலிபெருக்கியில் காவலர் இதையெல்லாம் அமைதியாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல் நின்றது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் அகலம், தண்ணீருக்கு மேலே 75 மீட்டர் அளவுக்கு உயரம், உள்ளுக்குள் நீலம். குளிர் எலும்பில் இறங்கியது. அப்போது பணியாளர்கள் பெரிய பாத்திரங்களில் பட்டாணிச் சூப்பைக் கொண்டுவந்தார்கள். டச்சுக் கப்பல்களின் பழைய வழக்கம். கெட்டியாக, ஆவி பறக்க, கோப்பை கோப்பையாக ஊற்றிக் கூட்டத்துக்குள் நுழைந்து நீட்டினார்கள். பஞ்சாபித் தாத்தா தன் கம்பளிப் போர்வையின் ஒரு பாதியைக் கோவில்பட்டிக்காரரின் தோளில் போட்டார். பனிச்சுவரிலிருந்து ஒரு பெரிய துண்டு பெயர்ந்து விழுந்தது. விழுவது முதலில் தெரிந்தது, இடி பிறகு வந்தது, அதற்கும் பிறகு அலை வந்து கப்பலை லேசாக ஆட்டியது. யாரோ ஒரு குழந்தை கைதட்ட, தளம் முழுக்கக் கைதட்டியது.

அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் வெள்ளைச் சமையல் அங்கியோடு நாலைந்து பேர் நின்றார்கள். பத்து நிமிட இடைவெளியில் கீழேயிருந்து ஏறி வந்தவர்கள். சட்டைக்கு மேல் கம்பளி கூட இல்லை. அவர்களில் ஒருவரைக் கோவில்பட்டி அம்மா உற்றுப் பார்த்துவிட்டு நேரே போனார்.

"தம்பி, நீங்க தமிழா?"

"ஆமாம்மா. மணப்பாடு. திருச்செந்தூர் பக்கம்."

"ரசம் வச்சது நீங்கதானா?"

அவர் தலையாட்டினார். மணப்பாட்டிலிருந்து கடலுக்குப் போன குடும்பம், அப்பா மீன்பிடித்தவர், மகன் கேட்டரிங் படித்துவிட்டுக் கப்பல் சமையலுக்கு வந்திருக்கிறார். அம்மாவை வீடியோவில் பார்த்தால் பனியைக் காட்டு, பனியைக் காட்டு என்கிறாராம், ஆனால் இங்கே வரும்போதெல்லாம் அடுப்படியில் வேலை. எங்களைப் படம் எடுத்துத் தரட்டுமா என்று அவர் வழக்கம்போலக் கையை நீட்டினார். அந்த அம்மா செல்பேசியைக் கொடுக்கவில்லை. "நீங்க போய் நில்லுங்க தம்பி. நாங்க எடுக்கிறோம். ஒங்க அம்மைக்கு அனுப்புங்க" என்றார். பனியாற்றை முதுகுக்குப் பின்னால் வைத்து அவரைத் தனியாகவும், கூட வந்தவர்களோடு சேர்த்தும் எடுத்தார்கள். நெப்ராஸ்காப் பெண்மணி தன் கையுறையைக் கழற்றி, படம் எடுத்து முடியும் வரை போட்டுக்கொள்ளச் சொன்னார். அந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பெரிய மகிழ்ச்சி எது என்று கேட்டால், பனி விழுந்ததைவிட இதைத்தான் சொல்வேன்.

கப்பலின் உட்புறத்தைச் சுற்றிக்காட்டும் ஏற்பாடு ஒன்று உண்டு. தண்ணீர்மட்டத்தை ஒட்டிய தளத்தில் முன்னிலிருந்து பின்வரை ஒரே நீளத் தாழ்வாரம். கம்பளம் இல்லை, ஓவியம் இல்லை. பிரிட்டிஷ் கப்பல்களில் அதைப் பர்மா ரோடு என்பார்கள், அமெரிக்கப் பயணிகளுக்கான கப்பல்களில் அங்குள்ள நெடுஞ்சாலையின் பெயரால் ஐ-95 என்பார்கள். உருளைக்கிழங்கு மூட்டையும் சலவைத் துணியும் படுக்கப் போகிற ஆட்களும் ஒரே வழியில் போகிறார்கள். மேலே ஏறத்தாழ 2,000 பயணிகள், அவர்களுக்கு 800-க்கும் மேற்பட்ட பணியாளர்கள். பெரும்பாலானவர்களுக்கு இருவர் பங்கிடும் அறை, அடுக்குக் கட்டில். மாதக்கணக்கில் நீளும் ஒப்பந்தம், அதற்குள் வாராந்தர விடுமுறை நாள் என்று ஒன்று கிடையாது. 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை வேலைக்கு ஓர் எல்லை போட்டிருக்கிறது: 24 மணி நேரத்தில் 14 மணிக்கு மேல் கூடாது, ஏழு நாளில் 72 மணிக்கு மேல் கூடாது. அல்லது ஓய்வைக் கணக்கிட்டு, நாளுக்குப் பத்து மணிக்குக் குறையக் கூடாது. உடன்படிக்கை வந்தது நல்லது. ஆனால் 72 மணி நேரத்தை எல்லையாக வைத்திருக்கும் உழைப்பு எத்தகையது என்பதைப் பயணி தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஜூனோ, அலாஸ்காவின் தலைநகரம். சாலை வழியாக வேறெந்த ஊரிலிருந்தும் அங்கே போக முடியாது, கடலோ வானோதான் வழி. கப்பல் நிற்கும் துறையருகே வண்டி நிறுத்தும் கட்டடத்தின் உச்சியில் பொது நூலகம் இருக்கிறது. அக்கா ஒரு நாற்காலியில் சாய்ந்துகொள்ள, நான் புத்தக வரிசைகளைப் பார்த்துக்கொண்டு போனேன். சன்னலோரம் எல்லாம் கப்பல் பணியாளர்கள். இலவச இணையம் அங்கே கிடைக்கிறது. பிற்பகல் மூன்று மணி, ஜாவாவில் மறுநாள் காலை ஆறு. எங்கள் அறைப் பணியாளர் செல்பேசியை இரு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரு சிறுமி, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நிற்கிறாள், வெள்ளைச் சட்டை, சிவப்புக் கழுத்துப்பட்டை. பேச்சு எனக்குப் புரியவில்லை. அவர் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். அவள் பட்டையைத் தொட்டாள். அவர் இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்பதுபோல விரலை அசைத்தார். அவள் நகர்த்தினாள். சட்டைக் காலரின் ஒரு முனை உள்ளே மடங்கியிருந்தது. அதையும் எடுத்துவிடச் சொன்னார்.

பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து காலர் முனையைப் பார்த்த கண்தான் எங்கள் நாற்காலியையும் பார்த்தது. அவருக்கு வேலைக்கு ஒரு கண், வீட்டுக்கு ஒரு கண் என்று இரண்டு இல்லை. மகளுக்குக் கிடைக்க வேண்டியதில் பெரும்பங்கை இந்த மாதங்களில் நாங்கள்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். நான் அவர் கண்ணில் படாமல் வேறு வரிசைக்குப் போய்விட்டேன். நாள் முழுக்கப் பிறரைக் கவனிக்கிறவருக்கு யாராலும் கவனிக்கப்படாமல் இருக்கக் கொஞ்ச நேரம் வேண்டும்.

இந்த அக்கறை சோதிக்கப்பட்ட நேரங்களும் உண்டு. 2020 பிப்ரவரியில் கொரோனா தொற்றால் யோகோஹாமாவில் டைமண்ட் பிரின்சஸ் கப்பல் 3,711 பேரோடு நிறுத்திவைக்கப்பட்டது. பயணிகள் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றார்கள். அப்படியானால் அறைக்கு அறை சாப்பாடு கொண்டுபோனது யார்? ஆயிரத்துச் சொச்சம் பணியாளர்கள், அவர்களில் 132 பேர் இந்தியர்கள், தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. பகிர்ந்துகொண்ட அறையில் தூங்கி, பொதுக் கூடத்தில் சாப்பிட்டு, முகக்கவசத்தோடு தட்டுகளைக் கதவுகளுக்குக் கொண்டுபோனார்கள். ஆரம்ப நாட்களில் நோய் உறுதியான 20 பணியாளர்களில் 15 பேர் உணவுப் பிரிவில் வேலை செய்தவர்கள். பயணிகளை அறைக்குள் தனிமைப்படுத்த முடிந்தது, இவர்களைத் தனிமைப்படுத்தாமல் விட்டதால்தான். இதை உலகம் போதிய அளவு நினைவில் வைத்துக்கொள்ளவில்லை என்றே நினைக்கிறேன்.

1991 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்கக் கடலில் ஓஷியானோஸ் என்ற கப்பல் மூழ்கத் தொடங்கியபோது தலைவரும் அதிகாரிகள் பலரும் முன்கூட்டியே வெளியேறிவிட்டார்கள். கப்பலை இயக்கும் அறைக்குப் போய் வானொலியில் உதவி கேட்டவர் இரவு நிகழ்ச்சிகளில் கிதார் வாசித்த மோஸ் ஹில்ஸ். அவரும் மற்றக் கலைஞர்களும் பயணிகளைப் படகிலும் ஹெலிகாப்டரிலும் ஏற்றி அனுப்பினார்கள். கப்பலிலிருந்த 571 பேரும் பிழைத்தார்கள். கன்கார்டியாவில் இறந்தவர்களில் மும்பையிலிருந்து போன ஒரு பரிமாறுநரும் உண்டு. பயணிகளுக்கு உதவிக்கொண்டிருந்தபோது கடைசியாகப் பார்த்ததாகச் சொன்னார்கள். அவருடைய உடல் 2014 நவம்பரில்தான் கிடைத்தது. தங்கப் பட்டை தோளில் இருப்பதால் மட்டும் பொறுப்பு வந்துவிடுவதில்லை. மனிதர்களை முகம் பார்த்துப் பழகியவர்களுக்கு, அந்த முகங்களை விட்டுவிட்டுப் போவது கடினமாகிவிடுகிறது போலும்.

கடைசி நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கப் பயணிகளுக்கான கப்பல்கள் பெரும்பாலானவற்றில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலருக்கு மேல் பணியாளர்களுக்கான தொகையாகக் கணக்கில் தானே ஏறிவிடும். மேசை, அறை, நம் கண்ணில் படாத சமையலறை, சலவை எல்லாவற்றுக்கும் அது பிரிகிறது. அதை எடுத்துவிடச் சொல்லி வரவேற்பு மேடையில் வரிசையில் நிற்பவர்கள் உண்டு. விதியில் அதற்கு இடமும் உண்டு. ஆனாலும் அப்படி எடுக்கச் சொல்வது தவறு. கையில் தனியாகக் கொடுப்பதாகச் சிலர் சொல்கிறார்கள், கொடுக்கவும் செய்கிறார்கள். ஆனால் கையில் கொடுப்பது கண்ணுக்குத் தெரிகிறவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். பாத்திரம் தேய்த்தவரையும் துண்டு துவைத்தவரையும் எந்தப் பயணி எங்கே தேடிப் போய்க் கொடுப்பார்? காலையில் நாங்கள் இறங்கிய சில மணி நேரத்தில் அடுத்த கூட்டம் ஏறிவிடும். அதற்குள் அத்தனை படுக்கையும் மாறியிருக்கும், அத்தனை பெயரும் புதிதாக மனப்பாடமாகியிருக்கும்.

பணியாளர்களைப் பெயர் குறிப்பிட்டுப் பாராட்டி எழுத ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் அது உதவுகிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். செமாராங்காருக்கும் மேசைப் பணியாளருக்கும் எழுதினேன். நாற்காலி, ரப்பர் விரிப்பு, துண்டு, விளக்கு என்று ஒன்றுவிடாமல் எழுதினேன், வெறும் நன்றி போதாது என்பதால். கோவில்பட்டி அம்மா பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கும் ஒரு படிவம் வேண்டும். மணப்பாட்டுத் தம்பிக்கு. சமையலறைக்காரர்களுக்கு யாரும் எழுதுவதில்லை என்று அவரே கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார், அந்தத் தம்பியின் முழுப்பெயரையும் சீட்டில் எழுதி வாங்கியிருந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். தினமும் ரசம் வைத்தது, கேட்காமலே ஒரு நாள் கூட்டும் அப்பளமும் அனுப்பியது, பனியில் கம்பளி இல்லாமல் நின்றது எல்லாம் சொன்னார். கம்பளி விஷயத்தை மேலதிகாரி படிக்கும்படி பெரிதாக எழுதச் சொன்னார். படிவத்தில் இடம் தீர்ந்தது. பின்பக்கம் திருப்பினேன்.

"உப்பு ஒரு நாளும் கூடலை, கொறையலைன்னு எழுதுங்க" என்றார். "ஆயிரம் பேருக்குச் சமைக்கிற எடத்துல அது லேசு இல்ல."